வெட்டிய பிறகு அளந்தேன்: ஒரு கஃபே ரேசரோடு 19 மாதங்கள்

நான் வாங்கிய பழைய பைக்கின் ஃப்ரேமில் வால் பகுதியை கிரைண்டரால் வெட்டி எடுத்த அன்று, அந்த வண்டியின் எஞ்சின் ஓடும் சத்தத்தை நான் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை. என் தவறுகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளைவிட்டன. மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்த வேலை 19 மாதம் இழுத்தது. வண்டி வாங்கிய தொகையை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், அதற்குமேல் இரண்டே கால் பங்கு செலவழிந்தது. அந்தச் செலவில் மூன்றில் ஒரு பங்காவது, ஒருமுறை செய்து முடித்ததையே மறுபடி செய்யப் போனது. பணம் போனதைவிட, ராத்திரி பதினோரு மணிக்கு ஷெட்டில் தனியாக உட்கார்ந்து கழற்றிய பாகங்களைப் பார்த்து, இதை ஏன் தொட்டோம் என்று நொந்துபோன நாட்கள்தான் அதிகம் வலித்தன. பக்கத்தில் ஒருவர் இருந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதியைத் தவிர்த்திருப்பேன். பழைய வண்டி ஒன்றை வாங்கிப்போட்டு, தாழ்ந்த ஹேண்டிலும் திமில் வைத்த சீட்டும் உள்ள கஃபே ரேசராக மாற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் எடுத்தது 1971ஆம் வருட ஹோண்டா சிபி350. இரண்டு சிலிண்டர், 325 சிசி. 1968 முதல் 1973 வரை வந்த மாடல். இதைத் தேர்ந்தெடுத்ததில் இன்றும் வருத்தமில்லை. ஏராளமாக விற்ற வண்டி என்பதால் ஸ்பேர் கிடைக்கும். டேங்கின் அடிக்கோடும் சீட்டும் கொஞ்சம் மாற்றினாலே நேர்கோட்டில் வந்துவிடும். விற்றவர், "மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் ஓடிச்சு, கார்புரேட்டரைச் சுத்தம் பண்ணினால் போதும்" என்றார். நான் கிக்கரை மிதித்துப் பார்த்தேன், எஞ்சின் சுற்றியது, நம்பிவிட்டேன். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்றைக் கையில் எடுத்துப்போய், இரண்டு பிளக்கையும் கழற்றிப் பத்து நிமிடம் செலவழித்திருந்தால், வலது சிலிண்டர் செத்துக் கிடப்பது அன்றே தெரிந்திருக்கும். எஞ்சின் சுற்றுகிறது என்பதற்கும் நன்றாக இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு சிலிண்டர் வண்டியில் எண் எவ்வளவு வருகிறது என்பதைவிட, இரண்டுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பாருங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் போனால் எஞ்சின் திறக்கும் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். ஃப்ரேம் எண், எஞ்சின் எண் இரண்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வண்டிக் காகிதத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதும் அப்போதே செய்ய வேண்டிய வேலை. அதை மட்டும் நான் ஒழுங்காகச் செய்திருந்தேன்.

வாங்கி வந்த முதல் சனி ஞாயிறிலேயே முழு வண்டியையும் பிரித்துவிட்டேன். ஆர்வம். முதல் நாள் மாலைக்குள் எஞ்சின் பக்கவாட்டு மூடியில் மட்டும் ஏழு ஸ்க்ரூக்களின் தலை வழுக்கிப் போனது. அழுத்திப் பிடித்துத் திருப்பினாலும் ஸ்க்ரூடிரைவர் மேலே ஏறிக்கொண்டு வந்தது. ஸ்க்ரூ பழசாகிவிட்டது என்று நினைத்தேன். காரணம் வேறு. பழைய ஜப்பான் வண்டிகளில் இருப்பவை ஜேஐஎஸ் என்ற அளவுமுறையில் செய்த ஸ்க்ரூக்கள். நம் கையில் இருக்கும் பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரும் அதே கூட்டல்குறி மாதிரிதான் தெரியும், ஆனால் அதன் முனை அந்தக் குழியின் அடிவரை இறங்காது. ஜேஐஎஸ் முனை ஒன்று வாங்கி, சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவரில் மாட்டினால், 50 வருடப் பழைய ஸ்க்ரூவும் ஒரே தட்டில் அசைந்துகொடுக்கும். அது தெரியாமல் ஏழையும் துளைபோட்டு எடுத்ததில், இரண்டு இடத்தில் அலுமினிய மரை பாழாகி லேத் பட்டறை வரை போனேன். சைலன்சரை எஞ்சின் ஹெட்டோடு பிடிக்கும் ஸ்டட் போல்ட்களையும் இதேபோல அவசரப்பட்டு முறுக்கிவிடாதீர்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்து, சூடுகாட்டி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். உடைந்த ஸ்டட்டை ஹெட்டிலிருந்து எடுக்கும் வேலை கொடுமையானது.

கழற்றிய பாகங்களை நான் மூன்று பெரிய டப்பாக்களில் கொட்டி வைத்தேன். ஒரு வருடம் கழித்து, ஒரே தடிமனுள்ள நான்கு நீளங்களில் இருபது போல்ட்டை முன்னால் பரப்பிக்கொண்டு எது எங்கே என்று தேடியபோது அழுகை வந்தது. சின்னப் பைகளில் போட்டு, எந்த இடத்துப் போல்ட் என்று எழுதி, கழற்றும் முன் மூன்று கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். குறிப்பாக வயர்கள், கேபிள் போகும் பாதை, வாஷர்களின் வரிசை. அன்றைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் என்றுதான் தோன்றும்.

அந்தச் சமயத்தில் மரை போட்டுக்கொடுத்த பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தார். நான் கைப்பேசியில் இருந்த கஃபே ரேசர் படங்களைக் காட்டி, ஃப்ரேமை எங்கே வெட்டப்போகிறேன் என்று விளக்கினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "வண்டி ஓடுதா தம்பி?" என்றார். "இன்னும் இல்லைங்க ஐயா, முதல்ல உருவத்தை முடிச்சிடலாம்னு" என்றேன். "ஓடாத வண்டிக்கு எதுக்குப்பா அலங்காரம்? முதல்ல அப்படியே ஓட்டிப் பாரு. அதுகூடப் பழகு. அப்புறம் வெட்டு" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். அடுத்த வாரமே வெட்டினேன். அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு முழுசாகப் புரிய ஒன்றரை வருடம் ஆனது.

கஃபே ரேசர் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தவறு அங்கேயும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1950, 60களில் பிரிட்டனில் இளைஞர்கள் தங்கள் சாதாரண வண்டியை மணிக்கு 100 மைல் தொட வைக்கப் பாடுபட்டார்கள். லண்டன் நார்த் சர்க்குலர் சாலையில் இருக்கும் ஏஸ் கஃபே அவர்களுடைய பெயர்பெற்ற சந்திப்பிடம். நார்ட்டனின் ஃபெதர்பெட் ஃப்ரேமில் டிரையம்ஃப் எஞ்சினை வைத்து ட்ரைட்டன் என்று கட்டினார்கள். அந்த ஃப்ரேம் நன்றாகத் திரும்பும், அந்த எஞ்சின் நன்றாக இழுக்கும், அவ்வளவுதான் காரணம். காற்றைக் கிழிக்கக் குனிய வேண்டும், அதற்குத் தாழ்ந்த கிளிப்-ஆன் ஹேண்டில். குனிந்தால் கால் பின்னால் போக வேண்டும், அதற்குப் பின்னால் தள்ளிவைத்த கால்கட்டை, அதாவது ரியர்செட். பின்னால் வழுக்காமல் உட்காரச் சீட்டில் ஒரு திமில். கை, இடுப்பு, கால் மூன்றும் சேர்ந்த ஒரே முக்கோணம் அது. நான் இவற்றைத் தனித்தனி அலங்காரமாகப் பார்த்தேன். முதலில் கிளிப்-ஆன் மட்டும் வாங்கினேன், கால்கட்டை பழைய இடத்திலேயே இருந்தது. பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்ததிலேயே உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கியது. வாங்கும் முன், வண்டியை ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, ஒரு பழைய குழாயை ஹேண்டில் வரும் உயரத்தில் கட்டி, இரண்டு மரக்கட்டையைக் கால் வரும் இடத்தில் வைத்து, அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்து பாருங்கள். மணிக்கட்டும் கழுத்தும் உண்மையைச் சொல்லிவிடும்.

கிளிப்-ஆன் மாட்டியதும் இன்னொன்று. ஹேண்டிலை முழுசாகத் திருப்பினால் கட்டைவிரல் டேங்குக்கும் கைப்பிடிக்கும் நடுவே நசுங்கியது. மெதுவாக வண்டியைத் திருப்பும்போது அப்படிச் சிக்கினால் கிளட்ச்சை விட முடியாது, விழுந்துவிடுவோம். ஃப்ரேமில் இருக்கும் திருப்ப வரம்புக் கட்டையில் சிறிது உலோகம் வைத்து வெல்டிங் செய்து, இரண்டு பக்கமும் விரல் போகும் இடைவெளி வருமாறு சரிசெய்தேன். கேபிள்களும் அதே நீளத்தில் இருக்கக்கூடாது. உயரமான ஹேண்டிலுக்கு அளந்த ஆக்சிலரேட்டர் கேபிள், தாழ்ந்த ஹேண்டிலில் வளையமாகச் சுருண்டு எதிலாவது மாட்டும். எஞ்சினை ஐடிலில் விட்டு ஹேண்டிலை இடமும் வலமும் கடைசிவரை திருப்புங்கள். சத்தம் கொஞ்சமாவது ஏறினால் அந்தக் கேபிளோடு சாலைக்குப் போகாதீர்கள்.

வெட்டிய இடத்தில் வளைந்த குழாய் ஒன்றை வைத்து வெல்டிங் செய்தாயிற்று, ஃப்ரேமுக்குப் பொடியைச் சூடாக்கிப் படியவைக்கும் பவுடர் கோட்டிங் ஆயிற்று, டேங்குக்குப் பெயின்ட் ஆயிற்று. ஆறாவது மாதம் வண்டி பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் டேங்கில் பெட்ரோல் ஊற்றிய மூன்றாவது நாள் வரைதான். டேங்கின் அடியில், துரு அரித்த ஊசித்துளை வழியே பெட்ரோல் கசிந்து, புதுப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் தொட்டபோது ஈரத்தோல் மாதிரி கழன்று வந்தது. டேங்கின் உள்பக்கத்தை முதலில் வினிகரோ சிட்ரிக் அமிலமோ விட்டுத் துரு நீக்கி, சோடா உப்புக் கரைசலால் கழுவி, உடனே சூடான காற்றில் உலர்த்தி, பெட்ரோல் ஊற்றி ஒரு வாரம் வைத்துக் கசிவு பார்த்த பிறகுதான் பெயின்ட் பேச்சை எடுக்க வேண்டும். இரண்டு தடவை பெயின்ட்டுக்குப் பணம் கொடுத்தேன்.

ஒன்பதாவது மாதம் எஞ்சினுக்கு வந்தேன். கம்ப்ரஷன் இடது பக்கம் 160 பிஎஸ்ஐ, வலது பக்கம் 95. கோட்டிங் முடித்த ஃப்ரேமிலிருந்து எஞ்சினை மறுபடி இறக்கினேன், தனியாக. இறக்கும்போது கீழ்க்குழாயில் இரண்டு இடத்தில் கோட்டிங் உரிந்தது. வலது பிஸ்டனில் ரிங் காடியோடு ஒட்டிக் கிடந்தது. அதைவிட என்னைப் பயமுறுத்தியது ஆயில் ஃபில்டர். இந்த வண்டியில் காகித ஃபில்டர் கிடையாது. வலது மூடிக்குள் ஒரு சின்னக் கிண்ணம் எஞ்சினோடு சேர்ந்து சுழன்று, அழுக்கைத் தன் சுவரில் ஒதுக்கிக்கொள்ளும். மூடியைக் கழற்றி விரலை விட்டேன். கறுப்பு மெழுகு மாதிரி, அரை விரற்கடை கனத்துக்குப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் அதில் உலோகத் துகள் மினுங்கியது. பல வருடம் அதை யாரும் திறக்கவே இல்லை. இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டுக்குத் தனி பேரிங் கிடையாது, இரு பக்க அலுமினிய மூடியிலேயே நேராகச் சுற்றும், அதனால் எண்ணெய் சரியாகப் போகாவிட்டால் முதல் அடி அங்கேதான். எனக்கு லேசான கீறலோடு போயிற்று, அதிர்ஷ்டம். எந்தப் பழைய வண்டி வாங்கினாலும் அதன் அசல் சர்வீஸ் கையேட்டை முதல் நாளே தேடி எடுத்து, எண்ணெய் எந்த வழியாகப் போகிறது என்ற பக்கத்தை இரண்டு தடவை படியுங்கள். வால்வில் விட வேண்டிய டாப்பெட் இடைவெளி இன்டேக்கில் 0.05 மி.மீ., எக்சாஸ்ட்டில் 0.10 மி.மீ. என்ற மாதிரி எண்களெல்லாம் அதில்தான் இருக்கும். ஊகிக்கக்கூடாது.

எஞ்சின் ஓட ஆரம்பித்தது. ஷெட்டில் நின்றுகொண்டு கத்தினேன். ஆனால் அடுத்த நான்கு மாதம் கார்புரேட்டரிடம் போனது. கஃபே ரேசர் படங்களில் சீட்டுக்கு அடியில் முக்கோணமாக வெற்றிடம் தெரியுமே, அது வேண்டும் என்பதற்காக, கார்புரேட்டருக்குக் காற்று தரும் பெட்டியான ஏர்பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, கார்புரேட்டர் வாயிலேயே மாட்டும் கூம்பு வடிவ பாட் ஃபில்டர் வாங்கி மாட்டியிருந்தேன். ஐடில் நன்றாக இருக்கும். ஆக்சிலரேட்டரை முழுசாக முறுக்கினாலும் போகும். நடுவில் மட்டும், அதாவது நாம் தினம் ஓட்டுகிற வேகத்தில், மூச்சு முட்டி இழுக்காமல் நிற்கும். பெட்ரோல் எவ்வளவு போகும் என்பதைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை ஒவ்வோர் அளவாக ஏற்றி ஐந்து ஜோடி வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்த்து, பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்து, மறுபடி கார்புரேட்டரை இறக்கி. பிளக் வெளுத்து வந்தால் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் சூடேறும். கறுத்து ஈரமாக வந்தால் அதிகம். இந்தப் பாடமெல்லாம் கற்றேன், கோளாறு தீரவில்லை. ஏனென்றால் இது சிவி வகைக் கார்புரேட்டர். நாம் முறுக்கும் கேபிள் கீழே இருக்கும் ஒரு தகட்டைத்தான் திறக்கும். பெட்ரோல் ஊசியைத் தாங்கும் ஸ்லைடை உயர்த்துவது டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வுக்கு மேலும் கீழும் இருக்கும் காற்றழுத்த வித்தியாசம். ஏர்பாக்ஸுக்குள் அமைதியாக இருக்கும் காற்றை நம்பி அமைத்த கணக்கு அது. பாட் ஃபில்டரில் காற்று அலைபாயும், போதாக்குறைக்கு அதன் ரப்பர் விளிம்பு கார்புரேட்டர் வாயில் இருக்கும் சின்னக் காற்றுத் துளைகளை மூடிவிடும். ஸ்லைடுக்கு எப்போது ஏறுவது என்றே தெரியாது. கடைசியில், பழைய பாகங்கள் விற்பவர் ஒருவரிடம் நான் தூக்கிப்போட்ட அதே ஏர்பாக்ஸை விலைகொடுத்து வாங்கி மாட்டினேன். ஒரே மாலையில் சரியாயிற்று. பாட் ஃபில்டரோடு இதை நன்றாக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் அதற்கென்று பொறுமையாக வேலை செய்தவர்கள். முதல் தடவை கட்டுகிறவர் ஏர்பாக்ஸில் கை வைக்காதீர்கள். கழற்றிய எதையும் வண்டி 1000 கிலோமீட்டர் ஓடும்வரை எறியாதீர்கள். இன்னொன்று, கார்புரேட்டர் கிளீனரை டயஃப்ரத்தின் மேல் அடிக்காதீர்கள், ரப்பர் ஊதிப்போய் அந்த ஸ்லைடையே மாற்ற வேண்டிவரும்.

வயரிங் நானே செய்தேன், அதில் பெருமையும் உண்டு. பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. இண்டிகேட்டர் மங்கலாக எரிந்ததற்கு ஒரு வாரம் காரணம் தேடினேன். எர்த் வயர் சேரும் இடத்தில் கோட்டிங்கைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிய வைத்தபின்தான் தீர்ந்தது. சீட்டுத் திமிலுக்குள் மறைக்கச் சின்ன லித்தியம் பேட்டரி வைத்தேன், மூன்று வாரத்தில் செத்தது. 5000 ஆர்பிஎம்மில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 15.6 வோல்ட். அந்த வகை பேட்டரி 14.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பழைய ரெகுலேட்டர், மின்சாரத்தை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் இரண்டையும் எடுத்துவிட்டு, இரண்டும் ஒன்றாக இருக்கும் புதியதை முதலில் போட்டிருக்க வேண்டும்.

பதினைந்தாவது மாதம். வண்டி ஓடுகிறது, பதிவு வேலைகளும் முடிந்துவிட்டன, இரண்டு வாரமாகத் தினம் எடுத்துப் போகிறேன். ஒருநாள் இரவு, வளைவு ஒன்றில் சாய்ந்து போகும்போது சாலையில் ஒரு மேடு. பின்சக்கரம் ஏறி இறங்கியது. டர்ர் என்று ஒரு சத்தம், அடுத்த நொடி எஞ்சின் நின்றது, ஹெட்லைட் அணைந்தது. ஒன்றுமே தெரியவில்லை. சாலை எந்தப் பக்கம் வளைகிறது என்று ஞாபகத்தில் வைத்து, கிளட்ச்சைப் பிடித்து, ஓரத்து மண்ணில் இறங்கி நின்றேன். பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. டார்ச் அடித்துப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில் வளைகுழாயை ஒட்டிப் போன டெயில் லைட் வயரை டயர் தேய்த்து உறையைக் கிழித்திருந்தது, செம்பு பளபளவென்று தெரிந்தது. அது ஃப்ரேமில் உரசி ஃபியூஸ் போய்விட்டது. இந்த வண்டியின் பழைய அமைப்பில் இருந்த ஒரே ஃபியூஸை நானும் அப்படியே வைத்திருந்தேன். டெயில் லைட்டில் ஏற்பட்ட ஷார்ட் எஞ்சினையும் ஹெட்லைட்டையும் சேர்த்து அணைத்துவிட்டது.

ஃப்ரேமை வெட்டும்போது வண்டியைத் தரையில் நிறுத்தி, கண்ணுக்கு அழகாக இருக்கும் உயரத்தில் கோடு போட்டேன். ஆளில்லாமல் நிற்கும் வண்டியில் சக்கரம் எங்கே இருக்கிறதோ அதை வைத்து. ஆள் ஏறி, மேட்டில் அடித்து, ஷாக் அப்சார்பர் முழுசாக அமுங்கும்போது சக்கரம் எங்கே வரும் என்று அளக்கவே இல்லை. அளப்பது அவ்வளவு சுலபம்: ஷாக்கிலிருந்து ஸ்பிரிங்கை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி மாட்டுங்கள், சக்கரத்தைக் கையாலேயே கடைசிவரை தூக்கலாம். அந்த நிலையில் டயருக்கும் அதற்கு மேலே இருக்கும் எதற்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். செயின் டைட் செய்யும்போது சக்கரம் முன்னும் பின்னும் நகருமே, அந்த இரண்டு கோடியிலும் பார்க்க வேண்டும். அடுத்த நாளே ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்த்தேன். டயர் வளைகுழாயில் போய் முட்டியது. குழாயை மறுபடி வெட்டி, 40 மி.மீ. உயர்த்தி வெல்டிங், மறுபடி கோட்டிங், சீட்டுக்குப் புதிய அடித்தகடு, புதிய உறை. நான்கு மாதம். இப்போது எஞ்சினுக்குத் தனி, ஹெட்லைட்டுக்குத் தனி, பின்பக்கத்துக்குத் தனி என்று மூன்று ஃபியூஸ் இருக்கின்றன. வெல்டிங் செய்பவரிடம் கொடுக்கும் முன் பேட்டரியையும் ரெகுலேட்டரையும் கழற்றிவிடுங்கள். ஷாக் மாட்டும் காதுக்கு முன்னால் இருக்கும் எதையும் வெட்டாதீர்கள், பாரம் முழுக்க அங்கேதான் இறங்குகிறது. பல இடங்களில் ஃப்ரேமை வெட்டினால் மறுபடி சோதனைக்குக் கொண்டுபோய் ஒப்புதல் வாங்க வேண்டும், சில இடங்களில் அனுமதியே கிடையாது. அதைக் கிரைண்டரைத் தொடும் முன் கேளுங்கள்.

பிரேக் பற்றி ஒன்று. ரியர்செட் போட்டால் பின் பிரேக்கின் கம்பி, நெம்பு எல்லாம் மாறும். எனக்கு முதலில் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்கவில்லை. டிரம்மில் இருக்கும் நெம்புக் கைக்கும் அதை இழுக்கும் கம்பிக்கும் நடுவே, முழுசாகப் பிடிக்கும் நேரத்தில் ஏறக்குறைய 90 டிகிரி வர வேண்டும். அந்த நெம்புக் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டியதில் சரியாயிற்று. பிரேக் லைட் ஸ்விட்ச்சையும் புது இடத்துக்கு மாற்றுங்கள். நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு வண்டி கட்டினால், முதல் மூன்று மாதம் எதையும் வெட்டாமல் எஞ்சின், பிரேக், டயர், வயரிங் இவற்றை மட்டும் பார்த்து, அசல் உருவத்திலேயே ஓட்டுவேன். பிறகு எல்லாப் பாகத்தையும் பெயின்ட் இல்லாமல், வெறும் இரும்பாகவே மாட்டி 500 கிலோமீட்டர் ஓட்டுவேன். அதற்குப் பிறகுதான் பிரித்து வண்ணம். விற்கும்போது போட்ட பணம் திரும்பும் என்று யாரும் கணக்குப் போடாதீர்கள். வெட்டாத அசல் வண்டிக்குக் கிடைக்கும் விலைகூட எனக்குக் கிடைக்காது என்று விசாரித்தபோது தெரிந்துகொண்டேன். நான் விற்கப்போவதில்லை.

வெட்டி எடுத்த வால் துண்டு ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது. வண்டி இதுவரை 2300 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மரை போட்டுக்கொடுத்த அந்த ஐயாவிடம் போன வாரம் எடுத்துப்போய்க் காட்டினேன். எதுவும் பேசாமல் பின்சக்கரத்துக்கு மேலே கையை விட்டு, இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். அப்புறம் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒரு சுற்று போய்விட்டு வந்தார்.